தோலுக்கு ஊசி... கண்ணுக்கு என்ன?



சொரியாசிஸ் என்ற தோல் வருத்தத்துக்குப் புதுவகை ஊசிகள் வந்திருப்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயோலொஜிக் ஊசி என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். அந்த ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே இன்னொரு பேச்சும் வந்துவிடுகிறது. "அந்த ஊசி போட்டால் கண் பார்வை போய்விடுமாம்!" கட்டாரிலிருக்கும் நானா டெலிபோனில் சொன்னாராம். லண்டனில் இருக்கும் மாமியின் மகளுக்கு ஊசி போட்டதிலிருந்து கண் சிவந்துகொண்டே இருக்கிறதாம். வரக்காமுறையில் ஒரு கலியாண வீட்டில் கிளம்பும் இந்தக் கதை கலேவெலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவந்த கண் குருட்டுக் கண்ணாகிவிடும்!

இதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு? மெய்யும் இருக்கிறது என்பதால்தான் இந்த மாதம் இதை எழுத எடுத்துக்கொண்டேன். கதையைக் கேட்டுப் பயந்து ஊசியை நடுவில் நிறுத்துவதும் ஆபத்து. கண் நொந்தும் "ஒன்றுமில்லை" என்று இருந்துவிடுவதும் ஆபத்து.

முதலில் வருத்தத்தைப் பார்ப்போம். சொரியாசிஸ் தொற்று நோயல்ல. ஒருவரைத் தொட்டு மற்றவருக்கு வராது. ஒரே பாயில் தொழுவதாலோ, ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ வராது. உடம்புக்குள் கிருமியை எதிர்க்க அல்லாஹ் வைத்திருக்கும் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த உடம்போடேயே சண்டைக்குப் போவதால் வருவது. சாதாரணமாக ஒரு மாத அளவில் புதுப்பிக்கப்படும் தோல், இந்த வருத்தத்தில் சில நாட்களிலேயே வளர்ந்து தடித்து வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. முழங்கை, முழங்கால், தலை, முதுகு என்று பரவும். சிலருக்கு மூட்டுக்களிலும் இறங்கி விரல்களை வீங்க வைத்துவிடும்.

நமது பெண்கள் இதை எப்படி மறைக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஹபாயாவின் நீண்ட கை வசதியாகப் போய்விட்டது. குமர்ப் பிள்ளை என்றால் சொந்த மாமிமாருக்குக்கூடத் தெரியக்கூடாது, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் ஊருக்கு மறைக்கிற பழக்கம் கடைசியில் டொக்டருக்கும் மறைப்பதில் போய் முடிகிறது. கண் டொக்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு "வேறு வருத்தம் எதுவும் இல்லை டொக்டர்" என்று சொல்லும் சகோதரியின் முழங்கையில் சொரியாசிஸ் இருக்கும். ஐஸ் பெட்டியில் ஊசி இருக்கும்!

கண்ணுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரிய சம்பந்தம் இருக்கிறது.

சொரியாசிஸ் உள்ளவருக்கு எந்த ஊசியும் போடாமலே கண்ணில் கோளாறு வரலாம். இமை ஓரங்களில் செதில் கட்டி, மயிர்க்கால்கள் அரித்து, காலையில் கண் ஒட்டிக்கொள்ளும். கண்ணீர் சரியாகச் சுரக்காமல் மணல் விழுந்தது போல் உறுத்தும். இவை தொல்லையே தவிரப் பெரிய ஆபத்தல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை இமை மேல் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்து வந்தாலே பலருக்குக் குறையும்.

ஆபத்தானது யுவியைட்டிஸ் என்ற கண் உள் அழற்சி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் கதிராளி என்று படித்தது நினைவிருக்கிறதா? கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமான வட்டம். அதுவும், அதையொட்டிக் கண்ணின் உள்ளே போகும் படலமும் வீங்கிச் சிவப்பதுதான் இந்த நோய். தோலோடு சண்டை போட்ட அதே காவல் படைதான் இங்கேயும் வந்திருக்கிறது. 2015 இல் டென்மார்க் டொக்டர்கள் தங்கள் நாடு முழுவதிலுமுள்ள நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சொரியாசிஸ் உள்ளோருக்கு யுவியைட்டிஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்று அதில் கண்டார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. யுவியைட்டிஸ் வந்தவர்களுக்குப் பின்னால் சொரியாசிஸ் வருவதும் கூடுதலாக இருந்தது. மூட்டு வீக்கமும் சேர்ந்திருப்பவர்கள் இதில் விசேடமாகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே ஊசி போடும் ஒருவரின் கண் சிவந்தால் அது ஊசியால் வந்ததா, வருத்தத்தால் வந்ததா, இரண்டும் இல்லாமல் ஊரில் பரவும் சாதாரணக் கண் நோவா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஊசிகள் செய்வது என்ன?

பயோலொஜிக் மருந்துகள் உயிருள்ள கலங்களில் வளர்த்து எடுக்கப்படும் புரதங்கள். விழுங்கினால் சோறு கறி போலச் செரித்துப் போய்விடும் என்பதால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். காவல் படைக்குக் கட்டளை கொண்டு போகும் தூதுவர்களில் ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை. எந்தத் தூதுவர் என்பதில்தான் ஊசிக்கு ஊசி வித்தியாசம். விலை அதிகம். கிறீம், ஒளிச் சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் போன்ற வில்லைகள் ஆகியவற்றால் குணம் தெரியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

கண்ணைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 2003 இல் அமெரிக்காவில் எஃபாலிசுமாப் என்ற சொரியாசிஸ் ஊசிக்கு அனுமதி கொடுத்தார்கள். ரப்டிவா என்ற பெயரில் விற்கப்பட்டது. வாரம் ஒரு முறை போட வேண்டும். சில வருடங்கள் தொடர்ந்து போட்டவர்களில் மூவருக்கு மூளையைத் தாக்கும் ஓர் அரிய வைரஸ் நோய் வந்தது உறுதியாயிற்று. நம்மில் பலரது உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக் கிடக்கும் வைரஸ்தான் அது. காவல் குறைந்ததும் விழித்துக்கொண்டது. பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, கை கால் சோர்வது ஆகியவை அந்த நோயின் அடையாளங்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லாமலே, பார்வையை உணரும் மூளைப் பகுதி கெடுவதால் பார்வை போகும். 2009 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த மருந்தையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று எந்த டொக்டரும் அதை உங்களுக்கு எழுதப் போவதில்லை. மருந்து போனாலும் கதை மட்டும் இன்னும் சுற்றுகிறது.

இப்போது பாவனையில் இருக்கும் ஊசிகளுக்கு வருவோம். அடாலிமுமாப், எடனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் என்ற மூன்றும் ஒரே தூதுவரைத் தடுப்பவை. மிக அரிதாக இவை பார்வை நரம்பில் அழற்சியை உண்டாக்கலாம் என்று அந்த மருந்துகளின் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளைத்தான் சொல்கிறேன். நாம் ஊசியை எடுத்ததும் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம் அல்லவா? இன்ஃப்ளிக்சிமாப் மட்டும் வைத்தியசாலையில் சேலைன் போல ஏற்றுவது. ஏற்றும்போதோ அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ சிலருக்குத் தற்காலிகமாகப் பார்வை மறைந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அப்படி ஏதும் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே அங்கிருக்கும் தாதியிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த மூன்றுக்குள்ளும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அடாலிமுமாப் கண்ணின் உள் அழற்சியைக் குணப்படுத்தும் மருந்தும்கூட! கிருமியால் வராத சில வகை யுவியைட்டிஸுக்கென்றே 2016 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. எடனர்செப்ட் அப்படியல்ல. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில், மருந்துகளால் கண்ணுக்கு வரும் பக்க விளைவுகளை மட்டும் திரட்டுவதற்காக ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதையும் மற்றப் பதிவுகளையும் ஆராய்ந்து 2007 இல் லிம், ஃபிரவுன்ஃபெல்டர், ரோசன்போம் ஆகிய மூன்று டொக்டர்கள் எழுதினார்கள். இந்த ஊசிகள் போட்ட பிறகு யுவியைட்டிஸ் வந்தவர்களில் 43 பேர் எடனர்செப்ட் போட்டவர்கள். 14 பேர் இன்ஃப்ளிக்சிமாப். 2 பேர்தான் அடாலிமுமாப். எந்த ஊசியை எத்தனை பேர் பாவித்தார்கள் என்ற கணக்கைச் சேர்த்துப் பார்த்தும் எடனர்செப்ட்தான் முன்னால் நின்றது. ஒரே தூதுவரைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்று கண்ணைக் காக்கிறது, மற்றது சிலரது கண்ணைச் சிவக்க வைக்கிறது. ஏன் இப்படி என்பது டொக்டர்மாருக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

செகுகினுமாப், இக்செகிசுமாப் என்பவை பிற்பாடு வந்தவை. வேறொரு தூதுவரைத் தடுப்பவை. இவற்றில் சிலருக்குக் கண்ணின் வெளிப்படலம் சிவந்து நீர் வடியலாம். பெரும்பாலும் சாதாரணமாகத் தீர்ந்துவிடும். ஆனால் செகுகினுமாபை யுவியைட்டிஸுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 2013 இல் வெளியான முடிவுப்படி எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அதாவது தோலை நன்றாகத் துலக்கும் ஊசி, கண்ணையும் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

லண்டன் மாமியின் மகளின் கதைக்கும் இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். டுபிலுமாப் என்றொரு ஊசி 2017 இல் வந்தது. அது எக்சிமா என்ற கரப்பானுக்குப் போடுவது, சொரியாசிஸுக்கு அல்ல. அந்த ஊசியில் கண் சிவப்பது சகஜம். இரண்டும் தோல் வருத்தம், இரண்டுக்கும் ஊசி என்பதால் நமது சனங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் போலும்.

இவ்வளவு மருந்துப் பெயர்களையும் நான் எழுதியது நீங்கள் மனப்பாடம் செய்ய அல்ல. ஊசி தொடங்குவதற்கு முன்பே உங்கள் கண்ணின் பழைய கதை தோல் டொக்டருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகத்தான். "அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் கிடந்தேன், சொட்டு மருந்து போட்டுச் சுகமானது" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரியால் அவர் எழுதவிருந்த ஊசியே மாறக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது மூளை நரம்பு உறை தேயும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காசநோய் இருந்தவரோடு ஒரே வீட்டில் இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இந்த ஊசிகளுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் செய்வது வெறும் சடங்கல்ல. உறங்கிக் கிடக்கும் காசநோய் ஊசியால் விழித்துக்கொண்டால் நெஞ்சோடு நில்லாமல் கண்ணுக்குள்ளும் வரக்கூடியது.

இரண்டு கொப்பிக் கதை

மாத்தளை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல். சொரியாசிஸ் கடுமையானால் பலர் கண்டிக்குப் போகிறோம். கண்ணுக்கு மாத்தளை டவுனில் காட்டுகிறோம்; கலேவெலைப் பக்கத்தார் தம்புள்ளைக்குப் போகிறார்கள்; சிலர் பின்னேரங்களில் தனியார் டொக்டரிடம் காட்டுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கிளினிக் கொப்பி. கண்டிக் கொப்பியில் இருப்பது மாத்தளை டொக்டருக்குத் தெரியாது. நமது நாட்டில் ஒரு டொக்டரின் செய்தி அடுத்த டொக்டரிடம் போவது பெரும்பாலும் நோயாளியின் கைப்பையில்தான்! அந்தப் பையில் கொப்பி இல்லாவிட்டால் செய்தியும் இல்லை.

ஒரே கொப்பியை எல்லா இடத்துக்கும் கொண்டு போக முடியாது என்றால், எல்லாக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண் கொப்பியின் முதல் பக்கத்தில் ஊசியின் பெயர், தொடங்கிய திகதி, கடைசியாகப் போட்ட திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத உம்மும்மாவுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். கம்பனிப் பெயர், மருந்துப் பெயர் இரண்டையும் எழுதுவது முக்கியம். ஏனென்றால் ஒரே மருந்து பல பெயர்களில் வருகிறது. ஹுமிரா என்ற பெயரில் பிரபலமான அடாலிமுமாபைப் போன்றே 2014 டிசம்பரில் இந்தியாவில் ஒரு கம்பனி எக்செம்ப்டியா என்ற பெயரில் மிக மலிவாக வெளியிட்டது. பெயரை மட்டும் கேட்டால் இரண்டும் வேறு வேறு மருந்து என்றுதான் தோன்றும்.

ஊசியை விடப் பழைய மருந்துகளையும் கண் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஒளிச் சிகிச்சைக்கு முன் சோராலன் வில்லை விழுங்குகிறவர்கள் அந்த நாள் முழுக்க, வீட்டுக்குள் ஜன்னலோரம் இருந்தாலும்கூட, டொக்டர் சொன்ன கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் கண்ணில் வெண்புரை விழலாம். அசிட்ரெடின் வில்லை கண்ணை உலர வைக்கும், இரவுப் பார்வையைக் குறைக்கலாம். (பிள்ளை பெறும் வயதில் அந்த வில்லை வேண்டவே வேண்டாம். நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கர்ப்பம் தரிக்கக் கூடாது.) எல்லாவற்றையும் விட என் கோபம் பூச்சுக் கிறீம்கள் மேல்தான். முழங்கைக்கு எழுதிக் கொடுத்த கடுமையான ஸ்டீரொயிட் கிறீமை முகத்துக்கும் இமைக்கும் பூசுகிறோம். தாத்தாவுக்கு எழுதியதை வாங்கித் தங்கச்சி முகம் வெளுக்கப் பூசுகிறாள். இமைத் தோல் காகிதம் போல மெல்லியது. மருந்து அதன் வழியே இறங்கிக் கண் அழுத்தத்தைக் கூட்டும். கண் அழுத்தம் நோவு காட்டாமலே பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். புதிய ஊசிகளால் பார்வைக்கு ஆபத்து வந்தவர்களை எண்ணி எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். டவுனில் துண்டில்லாமல் வாங்கிய கிறீமால் கெட்ட கண்களை யார் எண்ணப் போகிறார்கள்?

எப்போது ஓட வேண்டும்?

இரண்டு கண்ணும் அரித்து, பீளை கட்டி, பார்வை தெளிவாகவே இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் கண் நோவு. ஊசி போடுபவராக இருந்தால் அதற்கும் டொக்டரிடம் காட்டுவது நல்லது. ஆனால் இரவோடிரவாக ஓட வேண்டியதில்லை.

ஒரு கண் மட்டும் சிவந்து, முக்கியமாகக் கறுப்பு வட்டத்தைச் சுற்றிச் சிவந்து, உள்ளுக்குள்ளிருந்து நோவு எடுத்து, லைட்டைப் பார்க்க முடியாமல், பார்வையும் மங்கலாக இருந்தால் அன்றைக்கே கண் டொக்டரைக் காண வேண்டும். பீளை இல்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். யுவியைட்டிஸில் பீளை வராது. தாமதித்தால் கதிராளி பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிப் பிடித்துவிடும். அதன் பிறகு வெண்புரை, கண் அழுத்தம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

இன்னொரு விதம் இருக்கிறது. இதைத்தான் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். கண்ணில் சிவப்பே இருக்காது. கண்ணை இப்படி அப்படித் திருப்பினால் மட்டும் நோகும். சில நாட்களில் ஒரு கண்ணின் பார்வை புகை படிந்தது போலாகும், நிறங்கள் வெளிறும். பார்வை நரம்பு அழற்சியின் அடையாளம் இது. வீட்டில் பார்க்க ஒரு சுலபமான வழி: ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சிவப்பு நிறப் பொருள் ஒன்றைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் அதையே பாருங்கள். ஒரு கண்ணுக்குச் செக்கச் செவேலென்றும் மற்றக் கண்ணுக்குச் சாயம் போன சிவப்பாகவும் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. இரண்டு கண்ணாலும் சேர்த்தே பார்ப்பதால் ஒரு கண் மங்குவது பல நாள் தெரியாமலே போய்விடுகிறது. ஊசி போடும் நாளன்று சுவரிலுள்ள கலண்டரைக் கண் மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் போட்டால் அது அக்கி. காவல் குறைந்த உடம்பில் இது வருவது கூடுதல். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் வில்லை தொடங்கினால்தான் நல்ல பலன். அதன் மேல் எதையாவது அரைத்துப் பூசிக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும். திடீரென்று பார்வை மறைந்து, கூடவே பேச்சுக் குழறினாலோ ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

இரவு என்றால் கண் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், "சொரியாசிஸுக்கு இந்த ஊசி போடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், பழைய போத்தலில் மிஞ்சிய சொட்டு மருந்து, எதுவும். சுர்மா இடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. நொந்த கண்ணில் இட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடைகளில் விற்கும் பல சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பதும் சோதனைகளில் தெரியவந்த விடயம். கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிக்கொண்டே பஸ் ஏறட்டும்.

ஊசியை நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவை நீங்கள் எடுக்கக் கூடாது. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியிருந்தால் போடுவதற்கு முன் தோல் டொக்டரிடமோ கிளினிக் தாதியிடமோ கேளுங்கள். சில வேளை நிறுத்துவார்கள். சில வேளை வேறு ஊசிக்கு மாற்றுவார்கள். கண் நோய்க்கு அதே ஊசிதான் மருந்து என்று தொடரச் சொல்வதும் உண்டு. மருந்தால்தான் வந்தது என்று டொக்டர் சந்தேகப்பட்டால் அதைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரிகன் பதிவேடும் இப்படி ஒவ்வொருவராக எழுதி அனுப்பியதால் சேர்ந்ததுதானே!

கண் பரிசோதனைக்குப் போகும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, பெரிய உருப்பெருக்கிக் கருவியால் இருட்டு அறையில் பார்ப்பார்கள். முகத்திரை அணிபவர்கள் அதை விலக்கத்தான் வேண்டும். கணவரையோ தாத்தாவையோ உம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், அறைக்குள்ளும் கூட இருக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கூச்சத்தால் கிளினிக் நாளைத் தள்ளிப் போடும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணித்தியாலங்களுக்குக் கிட்டத்திலுள்ளது தெரியாது, வெயில் கூசும். துணையில்லாமல் பஸ்ஸில் திரும்ப முடியாது.

யுவியைட்டிஸ் என்று கண்டால் பெரும்பாலும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் சொட்டு மருந்துதான் முதலில் எழுதுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் திடுக்கிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், இந்தியாவிலிருந்து வந்த இதே பெயர் சொட்டு மருந்தைப் பாவித்த பிறகு கிருமி தொற்றிப் பார்வை இழந்தார்கள். நாடே பேசிய விடயம். அங்கே கெடுத்தது அந்த மருந்துத் தொகுதியில் கலந்திருந்த கிருமி. பிரெட்னிசொலோன் என்ற மருந்தே நஞ்சு என்று அதற்குப் பொருளல்ல. அந்தப் பயத்தால் போத்தலைத் திறக்காமல் வைத்தால் போவது உங்கள் கண். போத்தல் மூடி முத்திரையோடு இருக்கிறதா, முடிவுத் திகதி என்ன என்று பாருங்கள். நுனி இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதமானால் எறிந்துவிடுங்கள். இன்னொருவரோடு பங்கு போட வேண்டாம். சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம், முடிந்ததும் பாமசியில் நீங்களாகவே வாங்கித் தொடரவும் வேண்டாம். இதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்; நெடுநாள் போட்டால் இதுவும் கண் அழுத்தத்தைக் கூட்டும்.

நோன்பு மாதத்தில் இந்தச் சொட்டு மருந்தை நிறுத்திவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். மணிக்கொரு தரம் விடச் சொன்ன மருந்தை இஃப்தாருக்குப் பிறகு மட்டும் விட்டால் நோய் அடங்காது. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும், உணவாக ஏற்றப்படாத ஊசிகளும் நோன்பை முறிக்காதவை என்று தீர்மானம் எடுத்திருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபிலும் கண்ணில் இடுவது நோன்பை முறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. மனதில் தயக்கம் இருந்தால் நோன்புக்கு முந்திய மாதமே உங்கள் ஊர் ஆலிமிடமும் டொக்டரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு பிறந்த பிறகு கேட்கலாம் என்று விட்டால் அதற்குள் பல நாள் மருந்து தவறியிருக்கும். தொண்டையில் கசப்பு இறங்குகிறதே என்று கவலைப்படுபவர்கள், சொட்டு விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை ஒட்டிய கண் மூலையை விரல் நுனியால் ஓரிரு நிமிடம் மெதுவாக அமர்த்திப் பிடியுங்கள். கண்ணீர் வழியாக மூக்குக்குள் இறங்கும் மருந்து பெருமளவு நின்றுவிடும். கண்ணுக்கும் மருந்து முழுதாகப் போய்ச் சேரும்.